இருளில் கண்ட எண்

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் கருவி பழுதாயிற்று. ஊர்விட்டு வந்து பயிலும் நான் உள்ளம் சோர்ந்து கிடந்தேன். அன்றிரவு படித்தேன், கணித மேதை ஆய்லரின் வாழ்வை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707இல் பிறந்தவர் அவர். 1738இல் வலக்கண் பார்வை போயிற்று. 1771இல் நடந்த அறுவையும் இடக்கண்ணைக் காக்கவில்லை. அவ்வாண்டே பீட்டர்ஸ்பர்க்கில் அவர் இல்லமும் தீக்கிரையாயிற்று. சோர்ந்தாரா? இல்லை!

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 2,14,74,83,647. இதற்குக் காரணி இருப்பின், 248ஆல் வகுக்க 1 அல்லது 63தான் மிஞ்சும் என்று கண்டார். 46,341க்குள் அத்தகைய பகா எண்களை மட்டும் சோதித்தார். ஒன்றும் வகுக்கவில்லை. 1772இல் அது பகா எண்ணென நிறுவினார்.

1783இல் மறைந்தார். நான் வெட்கினேன், விடிந்ததும் ஆய்வுக்கூடம் சென்றேன்.