கல்லைப் படித்த பேராசிரியர்

போன முறை சுவர் இதழில் ராஜராஜ சோழனைப் பற்றி வந்தது. இந்த முறை நான் எழுதுவது ராஜாவைப் பற்றி இல்லை. ராஜாக்களைப் பற்றி எழுதியே பேர் வாங்கின ஒரு வாத்தியாரைப் பற்றி. அவர்தான் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி.

இவர் பிறந்தது 1892 ஆகஸ்ட் 12. ஊர் திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர் போன ஊர். ஊர்ப் பேரிலேயே கல் இருக்குது பாருங்க!

1913ல் எம்.ஏ. படிப்பில் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரி, காசி இந்து பல்கலைக்கழகம், சிதம்பரம் மீனாட்சி கல்லூரி என்று பல இடத்தில் வேலை பார்த்தார். 1929ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். அதே வருஷம் பாண்டியர் வரலாறு எழுதினார். 1935லும் 1937லும் சோழர் வரலாறு இரண்டு பாகமாக வந்தது. அதுதான் அவரைப் பெரிய ஆளாக்கியது.

நாம பரீட்சைக்கு வருஷம் வருஷமா மனப்பாடம் பண்றோமே, அந்த வருஷம் எல்லாம் எப்படித் தெரிஞ்சது? கல்வெட்டில் கி.பி. என்று போட்டிருக்காது. இன்ன ராஜாவின் இத்தனையாவது ஆண்டு என்றுதான் இருக்கும். சில கல்வெட்டில் கிழமை, நட்சத்திரம் எல்லாம் சொல்லியிருப்பாங்க. அதை வைத்து அறிஞர்கள் கணக்குப் போட்டு, அந்த ராஜா எந்த வருஷம் ஆட்சிக்கு வந்தார் என்று கண்டுபிடிச்சாங்க. சாஸ்திரி ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளின் செய்தியை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பார்த்து, சோழர் கதையை ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை கோர்த்துக் கொடுத்தார். பூ கட்டுற மாதிரிதான். ஒரு பூ மாறினாலும் சரம் கோணிடும்.

இதுக்கு உதாரணம் தேடி தஞ்சாவூர் போக வேண்டாம். நம்ம போளூர் பக்கத்தில் திருமலை இருக்குதே, சமணர் மலை, அங்கே பாறையில் ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. ராஜேந்திரன் 1012ல் பட்டத்துக்கு வந்தார். அப்படின்னா 13ஆம் ஆண்டு என்பது 1024, 1025 வாக்கில். கணக்கு சரியா வருதா? ஒட்டர் நாடு, வங்காளம், கங்கை வரை அவர் படை ஜெயித்த இடமெல்லாம் இந்தப் பாறையில் வரிசையாக இருக்கு. கங்கைப் படையெடுப்பைப் பற்றி எழுதினவங்க எல்லாரும் இந்தக் கல்வெட்டைப் பார்த்துத்தான் ஆகணும். சாஸ்திரியும் பார்த்தார். இது அச்சில் வந்தது 1890ல், அவர் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாடி!

எனக்குப் பிடித்தது அந்தக் கல்வெட்டின் கடைசிப் பகுதிதான். இத்தனை நாடு பிடித்த கதைக்கும் அப்புறம், உண்மையில் எதுக்காக வெட்டினாங்க என்றால், சாமுண்டப்பை என்கிற ஒரு வணிகரின் மனைவி அங்குள்ள குந்தவை ஜினாலயத்தில் விளக்கு எரியப் பணம் கொடுத்தாங்க. அதை எழுதி வைக்கத்தான். சாஸ்திரி எழுதின புத்தகத்திலும் சண்டை மட்டும் இல்லை. வரி, நிலம், ஏரி, கோயில், படிப்பு, வியாபாரம் என்று சாதாரண ஜனங்கள் வாழ்ந்த விஷயமும் நிறைய வரும்.

உத்திரமேரூர் குடவோலை பற்றி 1932லேயே எழுதினார். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கணும், சொந்த நிலமும் வீடும் இருக்கணும், முன்னாடி கணக்குக் காட்டாதவரும் அவர் சொந்தக்காரரும் நிற்கக் கூடாது. பேர் எழுதின ஓலையைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்வாங்க. ஆனா பெண்கள் பேச்சே அதில் இல்லை. இப்போ நம்ம தமிழ்நாட்டுப் பஞ்சாயத்தில் பாதி இடம் பெண்களுக்கு!

1946ல் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வு பெற்றார். நம்ம ஊரில் ரிட்டயர்டு ஆனா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாங்க. இவர் 1949ல் கடல் கடந்த ஸ்ரீவிஜய ராஜ்ஜியத்தின் வரலாறு எழுதினார். 1952ல் மைசூர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1955ல் தென்னிந்திய வரலாறு வந்தது. அதே வருஷம், இருபது வருஷம் முன்னாடி தானே எழுதின சோழர் புத்தகத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். பேர் வாங்கின புத்தகம்தானே, அப்படியே விட்டிருக்கலாம். விடலை. 1957ல் பத்மபூஷண் கிடைத்தது. அந்த வருஷத்தில் இருந்து 1972 வரை சென்னையில் மரபுப் பண்பாட்டு நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். அப்போ வயசு எண்பது!

ஒரு குறையும் சொல்லணும். அவருடைய பெரிய புத்தகம் எல்லாம் ஆங்கிலம். நம்மை மாதிரி பிள்ளைகள் எப்படிப் படிக்கிறது? அதே 1892 ஆகஸ்ட்டில் பிறந்த சதாசிவ பண்டாரத்தார், கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தமிழாசிரியராக இருந்தவர், பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுதினார். முதல் பாகம் 1949ல் வந்தது. சாஸ்திரி சொன்னதை எல்லாரும் ஒத்துக்கவும் இல்லை. சோழர் அரசு அவர் சொன்ன அளவுக்கு ஒரே கைப்பிடியில் இருக்கவில்லை என்று அமெரிக்காவின் பர்ட்டன் ஸ்டெயின் 1980ல் எழுதினார். ஆனா அவரோடு சண்டை போடவும் இவர் புத்தகத்தைப் படிச்சாகணும்.

1975 ஜூன் 15ல் சாஸ்திரி காலமானார். அவருடைய சோழர் புத்தகம் தமிழில் வந்தது அதற்குப் பிறகுதான்.