சார்லஸ் பிராட்லாவும் கடவுள் என்னும் சொல்லும்

நாஸ்திகர் என்றவுடனே, கடவுள் இல்லை என்று சாதிப்பவர் எனப் பொருள் கொள்வது உலக வழக்கம். அந்தப் பெயரைத் தாமே விரும்பி ஏற்று, அதன் பொருட்டு ஆங்கிலப் பார்லிமெண்டின் வாயிலில் ஆறு வருஷகாலம் போராடிய சார்லஸ் பிராட்லா, அவ்விதம் வெறுமனே சாதிக்க மறுத்தவர் என்பது நம் வாசகர்களிற் பலருக்கு வியப்பாயிருக்கலாம். கடவுள் என்ற சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்பதை முதலிற் சொல்லுங்கள் என்பதே அவர் கட்சி. இலக்கணம் கூறாத பொருளை மறுப்பதும் தம்மால் இயலாதென்றார். உலகமாய் விளங்கும் இவ்வொரே இருப்புக்கு அப்பாற்பட்ட வேறோர் இருப்பு என்று எவரேனும் இலக்கணம் கூறினாலோ, அதை மறுக்கச் சிறிதும் தயங்கமாட்டார். வக்கீல் தொழிலிற் பழகியோருக்கு இது புதிதன்று. பத்திரத்தில் வரும் சொல்லுக்குப் பொருள் திட்டமாகாத வரையில், அதை ஒப்புவதும் மறுப்பதும் ஒருங்கே ஆபத்தானவை.

1833-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி லண்டனில் ஹாக்ஸ்டன் என்னுமிடத்தில் ஓர் ஏழை வக்கீல் குமாஸ்தாவின் மகனாய்ப் பிறந்தார். ஞாயிறுப் பள்ளியிற் பிள்ளைகளுக்குப் போதிக்கும் பொறுப்பு இளமையிலேயே அவருக்குக் கிடைத்தது. பிஷப் விஜயம் செய்யவிருந்த சமயம், நான்கு சுவிசேஷங்களையும் திருச்சபையின் 39 விதிகளையும் நன்றாய்ப் படித்து வரும்படி பாதிரியார் பணித்தார். பையன் உண்மையாகவே படித்துவிட்டான். வந்த சங்கடம் அதுதான். ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களைக் கண்டு விளக்கம் வேண்டிப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினான். விளக்கம் வரவில்லை, நாஸ்திகன் என்ற பட்டமும், மூன்று மாதம் பள்ளியினின்று விலக்கும் வந்தன. பெயர் முந்தியது, கொள்கை பிந்தியது. அதன் பின் வீட்டை விட்டு வெளியேறினார். 1850-ல் பட்டாளத்திற் சேர்ந்து அயர்லாந்தில் இருந்தார். 1853-ல் விடுதலை பெற்று மீண்டு, தந்தையைப் போலவே வக்கீல் குமாஸ்தாவானார். அங்கே கற்ற சட்டம் ஆயுள் முழுதும் அவருக்கு ஆயுதமாயிற்று.

1860-ல் நேஷனல் ரிபார்மர் என்னும் பத்திரிகையையும், 1866-ல் தேசிய இலௌகிக சங்கத்தையும் தோற்றுவித்தார். பத்திரிகைக்கு ஜாமீன் கட்டவில்லையென்று சர்க்கார் வழக்குத் தொடுத்தபோது தாமே வாதாடினார்; அச்சட்டம் 1869-ல் ரத்தாயிற்று. ஜாமீன் என்ற சொல்லின் கசப்பை ருசித்த தமிழ்ப் பத்திரிகைகளின் சரித்திரம் அறிந்தோர், இந்த ஒன்றுக்காகவேனும் அவரை வாழ்த்துவர். சென்னையில் 1880-களில் தத்துவ விவேசினி என்னும் பத்திரிகை நடத்தியவர்களும் அவர் வழியைப் பின்பற்றியவர்களே. பின்னாளில் அடையாற்றுக்கு வந்த அன்னி பெஸண்டு அம்மையாருடன் 1877-ல் அவர் எதிர்த்து நின்ற புத்தக வழக்கு தனிக் கதை. அதை இங்கே விரிக்க இடமில்லை.

1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியார் அவரைக் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுத்தனர். கடவுள் துணை வேண்டும் சொற்களோடு கூடிய பிரமாணத்துக்குப் பதிலாக வெறும் உறுதிமொழி கூற அனுமதி கோரினார். ஆராய்ந்த கமிட்டி ஒரே வோட்டு வித்தியாசத்தில் மறுத்தது. அப்படியானால் பிரமாணமே செய்கிறேன், அந்தச் சொற்கள் எனக்குப் பொருளற்றவை, வாக்குறுதியோ என்னைக் கட்டும் என்று பகிரங்கமாய் எழுதிவிட்டு வந்தார். அதற்கும் சபை இடங்கொடுக்கவில்லை. பொய்யாய்ப் பிரமாணம் செய்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார். மெய் சொன்னதே குற்றமாயிற்று. ஜூன் 23-ந் தேதி மணிக்கூண்டில் சிறை வைத்தனர். பின்பு தம் பொறுப்பிலேயே உறுதிமொழி கூற விடப்பட்டு, கோர்ட்டுத் தீர்ப்பால் 1881-ல் ஸ்தானம் இழந்தார். நார்தாம்ப்டன் மக்களோ சளைக்கவில்லை. 1881, 1882, 1884 என மும்முறை திரும்பவும் அனுப்பினர். 1881 ஆகஸ்டு 3-ந் தேதி சேவகரும் போலீஸாரும் அவரைப் பற்றி இழுத்து, சட்டை கிழிய வெளியே தள்ளினர்.

இப்போராட்டத்தில் மிகவும் கருதத்தக்கது, 1883 ஏப்ரலில் முதல் மந்திரி கிளாட்ஸ்டன் செய்த பிரசங்கம். அவர் பழுத்த கிறிஸ்தவர். பிராட்லாவின் கொள்கையை வெறுத்தவர். ஆயினும் உறுதிமொழி மசோதாவை ஆதரித்துப் பேசுகையில், சபையைப் பார்த்து அவர் கேட்டதும் இலக்கணத்தைப் பற்றியதே. யூதர்களை 1858 முதல் அனுமதித்தாயிற்று. ஆகவே கிறிஸ்துவைப் பிரமாணம் வேண்டவில்லை. மனிதரைக் கவனியாமல் எங்கோ இன்புற்றிருக்கும் பண்டை ரோமக் கவியின் தேவர்களை நம்புவோனும் உள்ளே வரலாம். அவ்வாறாயின் நீங்கள் காப்பாற்றுவது எந்தக் கடவுளை? இதற்கு விடையில்லை, வோட்டு இருந்தது. 289-க்கு எதிராக 292 வோட்டுகளால் மசோதா தோற்றது. 1886 ஜனவரியில் புதிய சபையின் தலைவர் பீல், தடை சொல்ல எழுந்தவர்களை அடக்கி, பிராட்லா பிரமாணம் செய்து அமர வழிவிட்டார். அவர் முயற்சியாலேயே 1888-ல் உறுதிமொழிச் சட்டம் நிறைவேறியது.

எஞ்சிய சொற்ப காலத்தில் இந்தியாவின் வக்கீலாகவே சபையில் விளங்கினார். கடும் நோயினின்று எழுந்து 1889 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்தார். மறு வருஷம் சட்டசபைச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1891 ஜனவரி 27-ந் தேதி காமன்ஸ் சபை, அவரை விலக்கிய பழைய தீர்மானத்தைத் தன் குறிப்பினின்று நீக்கியது. மரணப் படுக்கையில் நினைவு மங்கிக் கிடந்த அவருக்கு அது எட்டவில்லை. 30-ந் தேதி காலமானார்.

புரூக்வுட் மயானத்தில் நடந்த அடக்கத்துக்கு லண்டனிலிருந்த இந்தியர் பலர் சென்றனர். சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் சென்றார். திரும்புகையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கூட்டத்திலிருந்த நாஸ்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்கி, பூமியின் சுற்றளவு இவ்வளவென்று தெரியுமே, உம் கடவுளின் அளவென்ன, இருப்பிடமெங்கே என்று கேட்டாராம். நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்றார் பாதிரியார். என்னைக் குழந்தையென்று எண்ணினீரோ என்று மற்றவர் வெற்றிப் பார்வை பார்க்க, பாதிரியார் அடக்கமாய் மௌனமானார். நாஸ்திகத்தின் மேல் தமக்கிருந்த வெறுப்பு இதனால் மிகுந்ததென்று காந்தி சத்திய சோதனையில் எழுதுகிறார். அன்று மண்ணுக்குள் வைக்கப்பட்டவர் கேட்டதோ, அளவையன்று, இலக்கணத்தை.