தந்தி வேலையை உதறிய ஓவியர்

கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோவையில் பிறந்தவர். தந்தை காலமானதால் படிப்பை நிறுத்தி, தந்தி இலாகாவில் சேர்ந்தார். குடும்பத்துக்குச் சோறு போட்ட உத்தியோகம் அது. அதை உதறி, 25-வது வயதில் சென்னை ஓவியப் பள்ளி மாணவரானார். துணிச்சல்தான்! 1957-ல் அங்கேயே முதல்வரானார்.

தேறி வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையை மூலையில் போட்டுவிடுவது அவரை உறுத்தியது. ஆசிரியரும் மாணவர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. வீடு, பட்டறை எல்லாம் அங்கேயே. கைத்தொழில் வயிற்றுக்கு, மீதி நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். பொதுமக்கள் பார்த்து வாங்கக் காட்சிக்கூடமும் அமைந்தது.

1977-ல் பணிக்கர் மறைந்தார். கிராமம் நிலைத்துவிட்டது.