வண்டு செய்யும் வேலையைச் செய்த ஜானகி அம்மாள்

பூ நடந்து போகாது. அதனாலதான் நிறம், வாசனை, தேன் எல்லாம் காட்டி வண்டைக் கூப்பிடுது. வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தம் அடுத்த பூவுக்குப் போனால்தான் பல செடிகளில் காயும் விதையும். அந்த வேலையைக் கையாலேயே செய்தவர் எனக்குப் பிடித்த விஞ்ஞானி ஜானகி அம்மாள்.

1897-ல் தலச்சேரியில் பிறந்தார். நம்ம மயிலாப்பூர் கடற்கரைச் சாலை ராணி மேரி கல்லூரியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார். வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. அவரோ படிப்புதான் வேணும்னு அமெரிக்கா போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூரில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுச் செடி உண்டாக்கினார். வண்டும் காற்றும் செய்யாத வேலை அது!

1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 80 வயதிலும் கேரளாவில் சைலன்ட் வேலி காட்டை அணை மூழ்கடிக்கக் கூடாதுன்னு எதிர்த்தார். நாலு செடிக்குக் கையால மகரந்தம் தடவலாம். வண்டு போய்ட்டா, காடு முழுக்க யார் தடவுவது? 1984 பிப்ரவரியில் சென்னை மதுரவாயலில் காலமானார். அதே நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

தோழிகளே, பத்தாவதோட படிப்பு போதும்னு வீட்டில் சொன்னால் இவர் கதையைச் சொல்லுங்க. பூவில் வண்டைப் பார்த்தால் விரட்டாதீங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி