காட்டுக்கு வழி கேட்டவர்



கடலை போடுற நிலத்தைக்கூட நம்ம ஊரில் மேட்டுக்காடு, கொல்லக்காடு என்றுதான் சொல்கிறோம். நான் எழுதப்போவது அந்தக் காட்டைப் பற்றி இல்லை. யாரும் உழாத, வேலி போடாத, வீடு கட்டாத பெருங்காடு. அந்த மாதிரி இடத்தைப் பார்த்தால் பெரியவங்க இது சும்மா கிடக்குது என்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை என்று சொல்லியே வாழ்நாள் முழுக்க அலைந்தவர் ஜான் மியூர்.

ஜான் மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் டன்பார் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அவருக்குப் பதினொரு வயது நடந்தபோது, 1849-ல், குடும்பம் அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காட்டை வெட்டித்தான் வயல் ஆக்க வேண்டும். அப்பா டேனியல் மியூர் ரொம்பக் கண்டிப்பானவர். பைபிளை மனப்பாடம் செய்யாவிட்டால் அடி விழும். பள்ளிக்கூடம் போவது அதோடு நின்றுபோனது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஏர் உழவேண்டியதுதான்.

கிணறு வெட்டிய கதையைக் கேளுங்கள். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும், அடியில் எல்லாம் பாறை. மியூரை வாளியில் உட்காரவைத்துக் கயிற்றில் இறக்கிவிடுவார்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தனி ஆளாக மாதக்கணக்கில் வெட்டினார். 80 அடி ஆழத்தில் ஒருநாள் காலை விஷக்காற்று தாக்கி மயங்கி, சாகப் பிழைக்க மேலே தூக்கப்பட்டார். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அவ்வளவுதான். திரும்ப இறக்கிவிட்டார்கள். 90 அடியில் தண்ணீர் வந்தது. எனக்கு அந்த அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ராத்திரி படிக்கக்கூடாது, வேண்டுமானால் விடியற்காலையில் எழுந்திரிச்சிப் படி என்று அப்பா சொல்லிவிட்டார். மியூர் அதைப் பிடித்துக்கொண்டு நடுராத்திரி ஒரு மணிக்கே எழுந்தார்! கடுங்குளிரில் நிலவறையில் உட்கார்ந்து மரத்திலேயே கடிகாரம் செய்தார். குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்து, தூங்குகிறவரை எழுப்பி நிற்க வைக்கும் ஒரு பொறியும் செய்தார். (நம்ம வகுப்பில் நிறையப் பேருக்கு அது தேவைப்படும்.) 1860-ல் மாடிசன் நகரப் பொருட்காட்சியில் அவற்றை வைத்துப் பேர் வாங்கினார். பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்தார். அங்கேதான் செடிகொடிகள் மேல் பைத்தியம் பிடித்தது.

அவர் பெரிய இயந்திர நிபுணர் ஆகியிருப்பார். 1867 மார்ச் மாதம் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெல்ட்டைச் சரிசெய்யும்போது கையில் இருந்த அரம் நழுவி வலது கண்ணில் குத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் மங்கிப்போனது. வாரக்கணக்கில் இருட்டு அறையில் படுத்துக் கிடந்தார். இனிமேல் பூவையோ மலையையோ பார்க்கவே முடியாதோ என்ற பயம். பிறகு பார்வை திரும்பியது. வேலையை விட்டார். மிச்ச நாளை எல்லாம் கடவுள் படைத்த காட்டைப் பார்ப்பதிலேயே கழிப்பது என்று முடிவு செய்தார்.

அந்த செப்டம்பரிலேயே கென்டக்கி மாநிலத்திலிருந்து புளோரிடா கடற்கரை வரை சுமார் 1,000 மைல் நடந்தார். வழியில் சவானா என்ற ஊரில் கையில் காசில்லை. வீட்டிலிருந்து பணம் வருகிறவரை ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஐந்தாறு ராத்திரி தூங்கினார். நாம் என்றால் சுடுகாட்டுப் பக்கம் பகலிலேயே ஓட்டமா ஓடுவோம். புளோரிடாவில் மலேரியா வந்து படுத்தார், அதற்கும் அசரவில்லை. 1868-ல் கப்பல் ஏறி சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். இறங்கினவர் கேட்டது நகரத்தை விட்டுக் காட்டுக்குப் போகும் வழியைத்தான். நடந்தே யோசெமிட்டி பள்ளத்தாக்கு போய்ச் சேர்ந்தார்.

1869 கோடையில் சுமார் 2,000 செம்மறி ஆடுகளோடு சியரா நெவாடா மலைக்குப் போனார். ஆடு போன இடத்தில் பூ, புல், நாற்று எதுவும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்து வெட்டுக்கிளிக் கூட்டம் போல என்று ஆடுகளைத் திட்டி எழுதினார். எங்கள் வீட்டிலும் ஆடு இருக்கிறது, எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஆட்டின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஒரே மலையில் அத்தனை ஆயிரம் ஆடுகளை ஏற்றியதில்தான் கோபம்.

அந்த ஆழமான பள்ளத்தாக்கு எப்படி வந்தது? தரை பொத்தென்று கீழே இறங்கிவிட்டது என்று மாநிலத்தின் பெரிய நிலவியல் அறிஞர் விட்னி சொன்னார். பனியாறு செதுக்கியது என்றார் மியூர். ஆடு மேய்த்தவர் பேச்சை யார் கேட்பார்கள்? 1872-ல் மலை உச்சிப் பனியில் முளைக்குச்சிகளை வரிசையாக நட்டுவிட்டு 46 நாள் கழித்துப் போய்ப் பார்த்தார். ஒரு குச்சி 47 அங்குலம் நகர்ந்திருந்தது. சும்மா கிடப்பதாக எல்லோரும் நினைத்த பனி வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது! ஆற்றுக்கும் பங்கு உண்டு, பனியாற்றின் வேலையும் பெரியது என்று பின்னால் வந்த அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

1874 டிசம்பரில் புயல் அடித்தபோது எல்லோரும் வீட்டுக்குள் ஓட, இவர் உயரமான மரத்தின் உச்சியில் ஏறி மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தார். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

1880-ல் லூயி என்பவரைத் திருமணம் செய்தார். இரண்டு பெண் குழந்தைகள். மாமனாரின் பழத்தோட்டத்தில் உழைத்து நல்ல வருமானம், ஆனால் உடம்பு கெட்டது. தோட்டத்தை விட்டுவிட்டு மலையையும் எழுத்தையும் பாருங்கள் என்று 1888-ல் கடிதம் எழுதியவர் லூயிதான். அவர் பேரை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

பிறகு வேகமாக வேலை நடந்தது. மியூர் பத்திரிகையில் எழுதினார், 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. 1892-ல் சியரா சங்கம் தொடங்கி, சாகும்வரை அதற்குத் தலைவராக இருந்தார். 1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவரோடு மூன்று இரவு காட்டில் தங்கினார். ஒருநாள் விடிந்து பார்த்தால் போர்வை மேல் பனி! நாட்டின் ஜனாதிபதி கட்டாந்தரையில் படுத்ததை நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது சரியான வரலாறு ஆகாது. மியூர் போவதற்கு முன்பே யோசெமிட்டியில் அவானீச்சி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். ஓக் மர விதையை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டார்கள். புல்லுக்கு அவ்வப்போது தீ வைத்து, வெளிகளைப் புதர் மண்டாமல் வைத்திருந்தார்கள். 1851-ல் படை வந்து குடிசைகளையும் சேமித்த உணவையும் கொளுத்தி அவர்களை விரட்டியது. மியூர் பார்த்து மயங்கிய அழகில் அவர்கள் கை வேலையும் இருந்தது. அது அவருக்குப் புரியவில்லை. பழங்குடி மக்களைத் தாழ்வாகவும் எழுதியிருக்கிறார். 1879-ல் அலாஸ்காவில் டிலிங்கிட் மக்களோடு படகில் போன பிறகு கொஞ்சம் மாறினார். 2020-ல் அவர் தொடங்கிய சங்கமே அந்தத் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

கடைசிப் போராட்டம்தான் மனசுக்குக் கஷ்டம். யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு. 1906-ல் சான் பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தாலும் தீயாலும் அழிந்தது. எங்களுக்குக் குடிநீர் வேண்டும், சும்மா கிடக்கும் பள்ளத்தாக்கில் அணை கட்டிக்கொள்கிறோம் என்று நகரத்தார் கேட்டார்கள். தண்ணீர் வேறு இடத்திலும் கிடைக்கும், இந்தப் பள்ளத்தாக்கு வேறு எங்கும் கிடைக்காது என்பது மியூர் கட்சி. குடத்தோடு வரிசையில் நிற்கிற எனக்கு நகரத்தார் மேலும் கோபம் வரவில்லை. இருந்தாலும் நான் மியூர் பக்கம்தான், ஏனென்றால் வேறு ஆறுகள் இருந்தது உண்மை. 1913 டிசம்பர் 19-ல் ஜனாதிபதி வில்சன் கையெழுத்துப் போட்டார். அணை 1923-ல் கட்டி முடிந்தது. இன்றும் பல லட்சம் பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

மியூர் அணையைப் பார்க்கவில்லை. 1914 டிசம்பர் 24-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தார். வயது 76. அலாஸ்கா பயணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த தாள்கள் அவர் படுக்கையருகில் இருந்தன. அந்தப் புத்தகம் 1915-ல் வெளிவந்தது.