பூனையால் பெயர் பெற்ற நபித்தோழர்

நபிமொழிகளை மிகுதியாக அறிவித்த தோழர் ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள். அன்னார் வாயிலாக வந்தவை 5374 என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆயினும் அவர்களது பெயர் அப்துர் ரஹ்மான் என்பதை அறிந்தோர் சிலரே. உலகம் அறிந்தது ஒரு பூனைக்குட்டி தந்த பெயரைத்தான்.

யமன் நாட்டுத் தவ்ஸ் கோத்திரத்தில் தோன்றிய அவர்கள், அநாதையாக வளர்ந்து, குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்தார்கள். அந்நாளில் அவர்களிடம் சின்னஞ்சிறு பூனைக்குட்டி ஒன்று இருந்தது. இரவில் அதனை ஒரு மரத்தில் விட்டு வைப்பார்கள். விடிந்ததும் எடுத்துச் சென்று அதனோடு விளையாடுவார்கள். இதைக் கண்டோர், பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும் அபூஹுரைரா என்று அழைக்கலாயினர்.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில், கைபர் போர்க் காலத்தில், பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகம் வந்தடைந்தார்கள். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் ஏழைத் தோழர்களுடன் தங்கினார்கள். பசி பொறுக்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிய நாளும் உண்டு. மயங்கி விழ, கண்டோர் பைத்தியம் என எண்ணிய நாளும் உண்டு.

பசியை இவ்வாறு அறிந்த அவர்களே, பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், பூமியில் இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியை அறிவித்தோருள் ஒருவர். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் அன்னார் வழி வந்ததே. அப்பெண்ணின் குற்றம் பூனை வளர்த்ததன்று. அதன் வழியை அடைத்த பின், அதன் பசிக்குப் பொறுப்பேற்காததேயாகும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனின் ஆளுநராகவும் பணியாற்றிய அன்னார், ஹிஜ்ரி 57-க்கும் 59-க்கும் இடையே, சுமார் 78 வயதில் மதீனாவில் மறைந்தார்கள். ஆளுநர் பதவி வந்தபோதும் ஆடு மேய்த்த நாளின் பெயர் அவர்களை விட்டு நீங்கவில்லை.

காஞ்சிமாநகரில் தறியுள்ள இல்லத்தார் சிந்திக்க வேண்டும். பட்டுப் பாவை எலி கத்தரிக்காதிருக்கப் பூனை வளர்க்கிறோம். எலி பிடிக்கட்டும் என்று அதனைப் பட்டினி போடலாமா? குட்டி ஈன்றதும் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுவரலாமா? நம் உடைமையைக் காக்கும் உயிருக்கு ஒரு பிடி சோறும் ஒரு கிண்ணம் நீரும் நாம் செலுத்த வேண்டிய கடனன்றோ!

வாயற்ற ஜீவன்களிடமும் இரக்கம் காட்டும் இதயத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.