வகுப்புக்கு வராத வீரர்

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து என்றால் அது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மல்லுக்கட்டி வீழ்த்துவதுமே அங்கே ஆட்டம். அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் ஜார்ஜ் கிப் என்ற பெயருக்குத் தனி மவுசு உண்டு. ஆட்டக்காரராக அவர் பெற்ற புகழ் பெரிது. மாணவராக அவர் பெற்ற பெயரோ வேறு!

1895-ல், மிச்சிகன் மாநிலத்தில் தாமிரச் சுரங்கங்கள் சூழ்ந்த லாரியம் என்ற சிற்றூரில் பிறந்தவர் கிப். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. ஆயினும் 1916-ல், 21-வது வயதில், இந்தியானா மாநிலத்து நோட்ர டேம் சர்வகலாசாலை அவரைச் சேர்த்துக்கொண்டது. பேஸ்பால் ஆட்டத்தில் அவர் காட்டிய கைத்திறனே அதற்குச் சிபாரிசு.

இன்றைக்கு இது நடக்காது. பெரிய கல்லூரிகளின் முதல் வரிசையில் விளையாட வரும் மாணவன், உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் நாலுக்கு 2.3 என்ற சராசரியும் எடுத்திருந்தால்தான் முதல் ஆண்டிலேயே களமிறங்கலாம். அன்றோ, யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரியின் மனம்போல.

முதல் ஆண்டிலேயே கிப் தம் குணத்தைக் காட்டினார். புதுமுக மாணவர் பந்தயம் ஒன்றில், பந்தை எதிரியின் பக்கம் உதைத்துத் தள்ளும்படி உத்தரவு. அவரோ பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்பும்போது உதைத்து, 62 கஜ தூரத்துக் கம்பத்தைத் தாண்டி அனுப்பினார். உத்தரவை மீறியவரை யார் கண்டிப்பது? புள்ளிகள்தான் கிடைத்துவிட்டனவே!

வகுப்பிலும் இதே கதைதான். பில்லியர்ட்ஸ் மேஜையும் சீட்டுக்கட்டும் அவரை இழுத்த அளவுக்குப் பாடங்கள் இழுக்கவில்லை. 1919-ல் நோட்ர டேம் ஒன்பது பந்தயங்களிலும் வென்றது. அடுத்த மார்ச் மாதம், வகுப்புகளுக்கு வராத குற்றத்துக்காகச் சர்வகலாசாலை அவரை வெளியேற்றியது. துணிச்சலான முடிவுதான். ஆனால் எத்தனை நாள் நிலைத்தது? சவுத் பெண்ட் நகரத்துப் பிரமுகர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள்; வேறு கல்லூரிகள் அவருக்கு வலைவீசின. ஏப்ரல் முடியுமுன் கிப் திரும்பவும் மாணவரானார். வாய்மொழிப் பரீட்சை ஒன்றில் வெளுத்து வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. அவர் புத்திசாலி என்பதில் சந்தேகமில்லை. என்றாலும், கால் வேகம் இல்லாத ஒரு சாதாரண மாணவனுக்கு அந்தப் பரீட்சை கிடைத்திருக்குமா?

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ராணுவக் கல்லூரியை 27-17 என்று நோட்ர டேம் முறியடித்தபோது, கிப் களத்தில் புயலாக இருந்தார். நவம்பர் 20 அன்று நார்த்வெஸ்டர்ன் அணியுடன் நடந்த பந்தயமே அவருக்குக் கடைசி. தொண்டைப் புண் நிமோனியாவாக முற்றியது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படாத காலம். டிசம்பர் 14, 1920-ல் உயிர் பிரிந்தது; வயது 25.

1928-ல் அதே ராணுவக் கல்லூரிக்கு எதிரான பந்தயத்தில், பயிற்சியாளர் நூட் ராக்னி இறந்த வீரரின் பெயரைச் சொல்லித் தம் அணியை உசுப்பினார்; அணியும் 12-6 என்று வென்றது. 1940-ல் வந்த திரைப்படத்தில் கிப்பாக நடித்த இளைஞர் ரொனால்ட் ரீகன், பிற்பாடு நாட்டின் ஜனாதிபதியானார். பந்தோடு ஓடி கிப் கடந்த 2,341 கஜம், 1978 வரை அந்தச் சர்வகலாசாலையில் முறியடிக்கப்படவில்லை. பட்டம் மட்டும் அவர் வாங்கவே இல்லை.